பாடம் தெரிந்தால் போதாதா? ஆசிரியராக ஒரு முதுநிலைப் படிப்பு எதற்கு?

கேள்வி இதுதான்: "கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன், நல்ல மதிப்பெண். பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. அதற்காகப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கான முதுநிலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்து இன்னும் ஒன்றிரண்டு ஆண்டுகள் செலவிட வேண்டுமா? பாடம் நன்றாகத் தெரிந்தவருக்கு அங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? சேருவதென்றால் எதைப் பார்த்துச் சேருவது?"

பத்து வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு, அப்புறம் இப்படியொரு துறையில் பயிற்சி மாணவர்களோடு வேலை செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இனி "துறை" என்று எழுதினால் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை, "பள்ளி" என்றால் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பதில்: சேருங்கள், ஆனால் பார்த்துச் சேருங்கள். நீங்கள் வகுப்பில் நின்று பாடம் நடத்துவதை, விஷயம் தெரிந்த ஒருவர் பின்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்து, முடிந்ததும் உங்களோடு உட்கார்ந்து பேசும் இடமாக அது இருக்க வேண்டும். அது இருக்கிற இடத்தில் இரண்டு வருடம் போனாலும் நஷ்டமில்லை. அது இல்லாத இடத்தில் ஆறு மாதம்கூட அதிகம்.

முதலில் "பாடம் தெரிந்தால் போதாதா" என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்கு, 307-இல் 168 போனால் எவ்வளவு? விடை 139. ஒரு பையன் 261 என்று எழுதியிருக்கிறான். பக்கத்து வரிசையில் ஒரு பெண் 49 என்று எழுதியிருக்கிறாள். இரண்டுமே தப்பு, இரண்டு நோட்டிலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, "கவனமாகப் போடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கணிதத்தில் முதுகலை படித்த பலர் முதல் நாள் செய்வது அதைத்தான், நானும் செய்திருக்கிறேன்.

கொஞ்சம் நின்று பாருங்கள். பையன் எப்படி 261-க்கு வந்தான்? ஒன்றின் இடத்தில் மேலே 7, கீழே 8. பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க முடியும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவன் அதை நம்பி 8-இல் 7 போக 1 என்று எழுதுகிறான். அடுத்து 6-இல் 0 போக 6. அடுத்து 3-இல் 1 போக 2. மூன்று இடத்திலும் ஒரே விதி, ஒரு சறுக்கலும் இல்லை. அவன் கவனமாகத்தான் போட்டிருக்கிறான். அந்தப் பெண்ணின் கதை வேறு. அவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். 7-இல் 8 போகாது, பக்கத்தில் கடன் வாங்கலாம் என்றால் அங்கே 0 இருக்கிறது, அதனிடம் ஒன்றும் இல்லை, அதைத் தாண்டி 3-இடம் போய் ஒன்று வாங்குகிறாள், 3 இப்போது 2. 17-இல் 8 போக 9. அடுத்து 0-இல் 6 போகாது, மறுபடியும் அதே 2-இடம் ஒன்று வாங்குகிறாள், அது 1 ஆகிறது. 10-இல் 6 போக 4. கடைசியில் 1-இல் 1 போக ஒன்றுமில்லை. விடை 49.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. பையனுக்குக் கழித்தல் என்பது ஒரு தொகையிலிருந்து ஒரு பகுதியை எடுப்பது என்பதையே மறுபடி கையில் பொருளை வைத்துக் காட்ட வேண்டும், எந்தத் தொகையிலிருந்து எதை எடுக்கிறோம் என்று அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பெண்ணுக்கு அது எல்லாம் தெரியும். நூறு என்பது பத்துப் பத்துகள் என்பது மட்டும் எழுத்துக் கணக்கில் அவளுக்குப் பிடிபடவில்லை, ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்துகளாக நடு இடத்தில் வைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு பத்தை எடுத்து ஒன்றின் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கட்டுக் குச்சிகளை வைத்து ஒரு தடவை பார்த்தால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கழித்தல் அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால் அவளுக்குச் சலிப்பு வரும், பையனிடம் "பத்தை உடை" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது.

1978-இல் பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் இந்த மாதிரிக் கழித்தல் தப்புகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினி நிரலில் வரும் பிழையைப் போல, பிள்ளைகளின் தப்பிலும் ஒரு ஒழுங்கான நடைமுறை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கணக்கில் அந்தப் பிள்ளை என்ன விடை எழுதும் என்றுகூட முன்னாலேயே சொல்லிவிடலாம் என்பது அவர்கள் காட்டியது. முதல் தடவை படித்தபோது, நான் அதுவரை திருத்திய நோட்டுகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. எத்தனை பிள்ளைகளைக் "கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்!

சரி, சின்னப் பிள்ளைக் கணக்குதானே என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கே ஒன்று தருகிறேன். இரண்டேகாலை அரையால் வகுத்தால் நாலரை. தலைகீழாக்கிப் பெருக்கினால் விடை வந்துவிடும், உங்களுக்கு இரண்டு வினாடி ஆகும். இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற ஒரு சின்னக் கதை சொல்லுங்கள், பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி. புதிதாக வரும் பயிற்சி மாணவர்களிடம் முதல் வாரத்தில் இதைக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் "இரண்டேகால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால்" என்று ஆரம்பிக்கிறார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது என்றால், இரண்டேகால் லிட்டர் பாலை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி நிரம்பும் என்பது. நாலு புட்டி முழுதாக, ஐந்தாவது பாதி. ஆக, நாலரை. கதையைச் சொன்னதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதில் கொஞ்சம் அதிர்ச்சியும் இருக்கும், ஏனென்றால் இவர்கள் பல ஆண்டுகளாகப் பின்னங்களோடு புழங்கியவர்கள்.

இந்த வகை அறிவுக்கு 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் ஒரு பெயர் கொடுத்தார். பாட அறிவு என்று ஒன்று, பொதுவாக வகுப்பை நடத்தும் திறமை என்று ஒன்று, இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று இருக்கிறது: இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், எந்த உதாரணம் எடுபடும், எந்த உதாரணம் பின்னால் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவரும் என்று தெரிந்திருப்பது. தமிழில் பாடம்சார் கற்பித்தல் அறிவு என்று சொல்லலாம். கணிதப் பேராசிரியருக்கு அது தேவைப்படவில்லை, அதனால் அவரிடம் நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். நல்ல கல்வியியல் துறை ஒன்று உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய சொத்து இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. மருத்துவம் படிக்கப் போகிறவர் அதற்கு முன்னால் அறுவை சிகிச்சை அறையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார். நீங்கள் வகுப்பறையில் அப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் போட்ட கணக்குப்படி, பள்ளிப் படிப்பு முடியும்போது ஒரு மாணவர் ஆசிரியர்களின் முன்னால் சுமார் 13,000 மணி நேரம் கழித்திருப்பார். அவ்வளவு நேரம் பார்த்தபின், இந்த வேலை தெரியும் என்று நமக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நாம் பார்த்தது பெஞ்சிலிருந்து. ஆசிரியர் ஏன் அந்தக் கேள்வியை அந்த மாணவரிடம் கேட்டார், எதை விட்டுவிட்டார், முந்தின நாள் இரவு எதை யோசித்துப் பாடத்தை மாற்றினார் என்பது எதுவும் நமக்குத் தெரியாது. அதனால் என்ன ஆகிறதென்றால், பயிற்சி இல்லாமல் வகுப்பில் நிற்கும்போது நமக்குப் பிடித்த ஒரு ஆசிரியரின் குரலும் கையசைவும்தான் நம்மிடமிருந்து வரும், நெருக்கடி வந்தால் பிடிக்காத ஆசிரியரின் குரல்கூட வந்துவிடும். அந்தப் பழக்கத்தை எடுத்து வெளியே வைத்துப் பார்க்க ஒரு இடமும் நேரமும் துணையும் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்வி உளவியல், கல்வியின் தத்துவமும் வரலாறும், மதிப்பீடு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள், பாடவாரியான கற்பித்தல் முறை, கற்பித்தல் பயிற்சி, சில இடங்களில் ஒரு ஆய்வேடு. பட்டியல் எங்கே போனாலும் ஏறக்குறைய இதேதான், பட்டியலைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று செய்வோம். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. நாலைந்து மாணவர்கள், ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரே ஒரு திறமை, உதாரணத்துக்குக் கேள்வி கேட்பது. பாடத்தை வீடியோ எடுத்து, உடனே போட்டுப் பார்த்து, பேசி, மறுபடியும் அதே பாடத்தை வேறு நாலைந்து பேருக்கு நடத்துவது. ஒரு பயிற்சி மாணவி சராசரி என்ற பாடத்தை நடத்தினார். நல்ல குரல், தெளிவான கையெழுத்து. "சராசரி என்றால் என்ன?" என்று கேட்டார், கேட்ட கையோடு "எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது, சரியா?" என்று அவரே முடித்துவிட்டார். வீடியோவைப் போட்டுவிட்டு, கேள்வி முடிந்ததிலிருந்து அவர் பேசத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் என்று எண்ணச் சொன்னேன். ஒரு வினாடிகூட முழுதாக இல்லை. அவரால் நம்ப முடியவில்லை, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். தான் நிறைய நேரம் காத்திருந்ததாகத்தான் அவருக்கு நினைவு.

இதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே வகுப்பு வகுப்பாக ஒலிப்பதிவு செய்து காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று வினாடிக்குக் கொண்டுபோனால் பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். மூன்று வினாடி என்பது படிக்கும்போது ஒன்றுமே இல்லை, வகுப்பின் முன்னால் நிற்கும்போது அது ஒரு யுகம்.

அந்த மாணவி இரண்டாவது தடவை நடத்தும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டே நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், அதுவரை வாயே திறக்காதவன், "எல்லாருக்கும் சமமாப் பங்கு போட்டா ஆளுக்கு எவ்வளவு வருமோ அது" என்றான். கூட்டி வகுப்பதைவிட எவ்வளவு நல்ல பதில்! சராசரியின் பொருளே அதுதான். முதல் தடவை நடத்தியபோதும் அப்படியொரு பதில் யாரிடமாவது இருந்திருக்கலாம், ஆசிரியர் இடம் விடவில்லை. இதை ஆயிரம் பக்கப் புத்தகம் படித்தும் கற்றுக்கொள்ள முடியாது, யாருமே பார்க்காமல் தனியாகப் பத்து வருடம் நடத்தியும் கற்றுக்கொள்ளாமல் போகலாம். இரண்டாவதுக்கு நானே சாட்சி.

கற்பித்தல் பயிற்சியில் வழிகாட்டி ஆசிரியர் யார் என்பதில்தான் பாதி இருக்கிறது. எனக்குக் கிடைத்தவர் ஒருவர், பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் வகுப்பின் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தார். நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. மணி அடித்ததும் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். 31 கோடுகள். அதில் 22 முன்பக்கம் வலது மூலையில் எட்டுப் பேரிடம். கரும்பலகையில் எழுதிவிட்டு நான் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புகிறேன், கண்ணில் படுகிறவர்களிடம் கேட்கிறேன், அவ்வளவுதான். இடது பக்கம் மூன்று வரிசைக்கு ஒரு கோடுகூட இல்லை. "அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை, புத்திமதி சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் எழுதி முடித்ததும் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்புகிறேன்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பயிற்சிக்கு அனுப்பிய பள்ளியில் ஆசிரியர் விடுப்பில் போன வகுப்புகளுக்கெல்லாம் பயிற்சி மாணவரை அனுப்பிவிட்டு, துறையிலிருந்து வருகிறவர் கடைசி நாளில் வந்து பத்து நிமிடம் கதவோரம் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். குழுவாகக் கற்பது எப்படி என்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் ஒருவரே பேசிய விரிவுரையில் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள்தான் "கல்வியியல் படிப்பு வீண்" என்று சொல்கிறார்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இந்தக் குறை புதிதும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795 ஜனவரியில் பாரிஸில் ஆசிரியர்களை உருவாக்கவென்று ஒரு எக்கோல் நார்மால் திறந்தார்கள். லக்ராஞ்சு, லப்லாஸ், மோஞ்சு மாதிரி அந்தக் காலத்தின் உச்சமான கணித அறிஞர்கள் வந்து பாடம் சொன்னார்கள், கேட்க வந்தவர்கள் சுமார் 1,400 பேர். நாலு மாதத்தில், மே மாதம் மூடிவிட்டார்கள். பணத்தட்டுப்பாடு, அரசியல் என்று காரணங்கள் பல. ஆனால் பாடம் வந்தவர்களில் பலருக்கு எட்டாத உயரத்தில் இருந்ததும், வகுப்பறையில் நின்று பழக ஏற்பாடு இல்லாததும் அதில் சேரும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில் 1839-இல் ஆரம்பித்த அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இதற்கு நேர் எதிர்: முதல் நாள் வந்தது மூன்றே மூன்று பெண்கள், ஆனால் அவர்கள் பழகுவதற்குப் பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளியை வைத்தார்கள். 1896-இல் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கியபோது அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆய்வுக்கூடம் எப்படியோ, கல்வியியலுக்குப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அப்படி.

பின்னால் பல்கலைக்கழகங்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. நியூயார்க்கில் 1887-இல் தொடங்கிய டீச்சர்ஸ் காலேஜ் 1898-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, ஹார்வர்டு 1920-இல் தன் கல்வியியல் பள்ளியைத் தொடங்கியது, ஹார்வர்டில் பெண்களுக்குப் பட்டம் கொடுத்த முதல் பள்ளியும் அதுதான். ஆசிரியர் தொழிலுக்கு இதனால் மதிப்பு கூடியது, ஆராய்ச்சி வளர்ந்தது. கூடவே ஒரு இழப்பும் வந்தது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியருக்குப் பதவி உயர்வு கட்டுரை எழுதினால் வரும், பள்ளியில் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் வராது. ஆக, மெல்ல மெல்ல அவர்கள் பள்ளியிலிருந்து விலகினார்கள். 1986-இல் அமெரிக்கக் கல்வியியல் துறைத் தலைவர்கள் பலர் சேர்ந்த ஹோம்ஸ் குழு இதை வெளிப்படையாகவே பேசியது, ஆசிரியர் பயிற்சியை முதுநிலைக்குக் கொண்டுபோங்கள், மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை மாதிரி துறையோடு சேர்ந்து இயங்கும் பள்ளிகளை ஏற்படுத்துங்கள் என்று சொன்னது.

ஃபின்லாந்தில் 1979 முதல் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுநிலைப் பட்டம் வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பு, பயிற்சிக்குப் பல்கலைக்கழகங்களே நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன, அங்குள்ள ஆசிரியர்களின் வேலையிலேயே பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் அடக்கம். ஜப்பானில் 2008-இல் ஆசிரியர் தொழிலுக்கென்றே தனி முதுநிலைத் துறைகள் தொடங்கினார்கள். இரண்டாண்டு, குறைந்தது 45 அலகு (கிரெடிட்), அதில் 10 அலகாவது பள்ளியில் செய்யும் பயிற்சி, முழுநேரப் பேராசிரியர்களில் நூற்றுக்கு 40 பேராவது களத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும், ஆய்வேடு கட்டாயமில்லை. அங்கே பள்ளிகளில் நெடுநாளாகவே பாட ஆய்வு என்று ஒரு பழக்கம் உண்டு. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து, அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். ஆசிரியரைக் குறை சொல்லும் கூட்டமாக அது மாறாமலிருக்கக் காரணம், பாடம் எல்லாருடையதாகவும் இருப்பது. மெல்பர்ன் பல்கலைக்கழகமும் அதே 2008-இல் மருத்துவப் பயிற்சியை மாதிரியாக வைத்து ஆசிரியர் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. வழிகள் வேறு வேறுதான், ஆனால் இவர்கள் எல்லாரும் துறையையும் பள்ளியையும் மறுபடி ஒட்டவைக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, எதைப் பார்த்துச் சேருவது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்தப் படிப்பு ஆசிரியர் தகுதியைத் தருகிறதா? கல்வியியலில் முதுநிலைப் பட்டம் என்று பெயர் இருக்கும், ஆனால் அது ஆராய்ச்சிக்கோ நிர்வாகத்துக்கோ ஆன படிப்பாக இருக்கும், முடித்தபின் வகுப்பில் நிற்க உரிமம் கிடைக்காது. நீங்கள் எந்த ஊரில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த ஊரின் உரிமம் வழங்கும் அமைப்பு இந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஏமாந்து இரண்டு வருடத்தை இழந்தவர்களைத் தெரியும், மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து, துறையின் அழகான விளம்பர ஏட்டை மூடி வைத்துவிட்டு, அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். பள்ளியில் எத்தனை நாள் இருந்தீர்கள், முதல் பருவத்திலேயே போனீர்களா கடைசியிலா, உங்கள் பாடத்தை எத்தனை தடவை ஒருவர் முழுதாக உட்கார்ந்து பார்த்தார், பார்த்தவர் உங்கள் பாடம் தெரிந்தவரா, பார்த்தபின் எவ்வளவு நேரம் பேசினார், என்ன பேசினார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். "குரல் நன்றாக இருந்தது, கரும்பலகையைச் சுத்தமாகப் பயன்படுத்தினீர்கள் என்றார்" என்று பதில் வந்தால் அங்கே பார்க்கிறவர் ஆசிரியரை மட்டும் பார்க்கிறார். "அந்த இரண்டாவது வரிசைப் பெண் ஏன் அப்படிப் பதில் சொன்னாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேட்டார்" என்று வந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

கணிதம் கற்பித்தல் முறையை யார் நடத்துகிறார் என்று பாருங்கள். எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு கற்பித்தல் முறைத் தாள் வைத்திருக்கும் இடம் உங்களுக்குப் பயன்படாது. கழித்தலிலும் பின்னத்திலும் நான் மேலே சொன்னதெல்லாம் அந்தப் பாடத்துக்கே உரியது, வரலாற்று ஆசிரியருக்கு வேறு தடுக்கல்கள், மொழி ஆசிரியருக்கு வேறு.

இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறேன். சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சில பிள்ளைகள் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் வகையில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு கருத்து உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. 2008-இல் பேஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படி வகைக்கு ஏற்றபடி நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இன்னும் அதை உறுதியான உண்மையாகச் சொல்லித்தரும் துறை என்றால், அங்கே ஆராய்ச்சியைப் படிக்கும் பழக்கம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். நேர்முகத்தில் நைசாகக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே நிறையத் தெரியும்.

ஆய்வேடு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இருந்தால் நல்லதுதான், உங்கள் வகுப்பிலிருந்தே தலைப்பு எடுக்க விடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். என்னிடம் ஒருவர், எதிர்ம எண்களைக் கழிப்பதில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் செய்த தப்புகளை ஆறு வாரம் சேகரித்து வகைப்படுத்தினார். பெரிய ஆராய்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைச் செய்தபின் அவர் நோட்டுத் திருத்துகிற விதமே மாறிவிட்டது, முன்னால் ஒரு மணி நேரத்தில் முடித்தவர் இப்போது நிறுத்தி நிறுத்திப் படிக்கிறார்.

படிப்பு முடிந்ததும் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் வருடம் எப்படியும் கஷ்டம்தான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எந்தக் கோட்பாடும் நினைவுக்கு வராது, தூக்கம் குறையும், ஞாயிறு மாலை வயிற்றைப் பிசையும். நல்ல துறையில் படித்து வந்தவருக்கும் இதெல்லாம் வரும். ஒரு பாடம் சொதப்பினால் "எனக்கு இந்த வேலை வராது" என்று உடைந்து போகாமல், "எந்த இடத்தில் பிள்ளைகள் என்னை விட்டுப் பிரிந்தார்கள்" என்று தேட அவருக்குத் தெரியும், நடத்தியதைச் சொல்லிப் பேச நாலு பேர் இருப்பார்கள். அது சின்ன உதவி இல்லை.

விண்ணப்பிக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தெரிந்த பள்ளி ஒன்றில் அனுமதி வாங்கி ஒரு வாரம் கணக்கு வகுப்பில் பின்னால் போய் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்க வேண்டாம், அதைத்தான் 13,000 மணி நேரம் பார்த்துவிட்டீர்களே. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை எப்போது எழுதுகிறது, எப்போது நிறுத்துகிறது, பக்கத்து நோட்டை எப்போது பார்க்கிறது, எந்த விடையை எழுதி எதை அழிக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளும் அது உங்களுக்குச் சலிக்கவில்லையென்றால் சேருங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அதைத் திறந்து படித்துப் பார்த்து உங்களிடம் கேள்வி கேட்கிற துறை எதுவோ அங்கே சேருங்கள்.